எழுத்தைப் பெருசாக்குனா பக்கம் எங்க போகுது?

போன்ல தமிழ் பிடிஎஃப் படிச்சிருந்தா இந்த அவஸ்தை தெரியும், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், ரெண்டு விரல வச்சுப் பெருசாக்குனா வரி ஸ்கிரீனுக்கு வெளிய ஓடிரும், அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம்னு தள்ளித் தள்ளியே படிக்கணும். அதே புக் ஈபப்ங்கற (EPUB) மின்னூல் ஃபைலா இருந்தா வரியெல்லாம் தானா மடங்கி உக்காந்துக்கும்.

பிடிஎஃப் மேல தப்பு சொல்ல முடியாது. 1993ல அடோபி அதக் கொண்டுவந்ததே எந்த மெஷின்ல திறந்தாலும் அச்சு அசலா ஒரே மாதிரி தெரியணும்னுதான். அதனால உள்ள "இந்த வடிவத்த இந்த இடத்துல வை"ங்கற கணக்குதான் முக்கியமா இருக்கும், பத்தி எங்க முடியுதுன்னு கூட பல ஃபைல்ல குறிப்பு இருக்காது. 'கொ'வ காப்பி பண்ணா சில நேரம் கொம்பு தனியா கால் தனியா வந்து விழுதே, அதுவும் இந்த வடிவக் கணக்கோட வினைதான்.

2007ல வந்த ஈபப் அப்படியே நேரெதிர். ஃபைல் பேர்ல கடைசில .ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க, உள்ள ஒரு குட்டி வெப்சைட்டே இருக்கும்! இது தலைப்பு, இது பத்தி, இந்த அத்தியாயத்துக்கு அடுத்து இதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கும், பக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஸ்கிரீன் அகலத்தையும் எழுத்து சைஸையும் பாத்து ஆப்தான் ஒவ்வொரு வார்த்தையா அளந்து அடுக்கும், இடம் பத்தலன்னா அடுத்த வரி, உயரம் தீந்தா அடுத்த பக்கம், நீங்க சைஸ மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து கணக்கு. அதனாலதான் உங்க போன்ல 40ஆம் பக்கம் என் டேப்லட்ல 22ஆ இருக்கும்.

தமிழுக்கு இதுல ஒரு சிக்கல், நம்ம வார்த்தை நீளம். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' ஒரே வார்த்தை, அது அடுத்த வரிக்குத் தாவுனா ரெண்டு ஓரத்தையும் சமமா இழுத்துப் பிடிக்கற செட்டிங்ல மேல் வரி பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிரும். வார்த்தைய நடுவுல ஒடைக்கலாம், ஆனா எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுலதான் ஒடைக்கணும், 'கொ'வுக்கு உள்ளயே ஒடைச்சா அசிங்கம். நான் இடது பக்கம் மட்டும் ஒட்டுற மாதிரி வச்சுருவேன், தொல்லையே இல்ல.

வெண்பா மாதிரி அடி முக்கியமான விஷயத்துல ஈபப் சொதப்பும், நாலு சீர் அடி சின்ன ஸ்கிரீன்ல மடங்கி எது அடி எது மிச்சம்னே தெரியாது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல ஈபப் கூடவே 6 இன்ச் பிடிஎஃப்னு ஒண்ணு குடுக்கறாங்க, சின்ன ஸ்கிரீனுக்குன்னே அளவெடுத்துத் தச்சது. பாட்டுன்னா நான் அதத்தான் எடுப்பேன்.