ஒன்றும் ஆகாத பயணங்கள்: தெரிந்தும் சிலர் சீட் பெல்ட் போடாதது ஏன்?

சீட் பெல்ட் உயிரைக் காக்கும் என்பது தெரியாதவர் இன்று அரிது. போடாமல் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் அவரும் தலையாட்டுவார். காரணங்கள் அதற்குப் பிறகுதான் வரும்: “பக்கத்துலதானே போறோம்”, “நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்”, “பின் சீட்டுக்கு எதுக்கு?” இவரை அறிவில்லாதவர் என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் பிடிபடாது. அவருடைய சொந்த அனுபவமே அவருக்குத் தவறான பாடத்தை நாள்தோறும் சொல்லித் தருகிறது.

அடுப்பைத் தொட்டால் கை சுடும். ஒரே தடவையில் கற்றுக்கொள்கிறோம். பெல்ட் போடாமல் போனால் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வீடு வந்து சேர்கிறோம். ஆயிரம் தடவை போனாலும் அப்படித்தான். பெல்ட் போட்டவருக்கோ தோளில் உறுத்தல், சட்டையில் கசங்கல் என்ற சிறு தொல்லை உடனே கிடைக்கிறது. பலன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. போடாதவருக்கு ஒவ்வொரு பயணமும் ‘பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிறது.

பால் ஸ்லோவிக், பரூக் ஃபிஷாஃப், சாரா லிக்டன்ஸ்டைன் என்ற மூன்று உளவியலாளர்கள் 1978-இல் இதை எண்களாக்கிக் காட்டினார்கள். அன்றைய அமெரிக்க நிலவரப்படி, உயிர் போகும் விபத்து ஏறத்தாழ 35 லட்சம் பயணங்களுக்கு ஒன்று. உடலை முடக்கும் காயம் ஒரு லட்சம் பயணங்களுக்கு ஒன்று. இந்த எண்களைப் பார்த்தால் யாருக்குமே பெல்ட் வீண் வேலையாகத்தான் தோன்றும். ஆனால் 50 ஆண்டுகளில் ஒருவர் சுமார் 40,000 பயணங்கள் போகிறார். அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் விபத்தில் சாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, முடக்கும் காயம் படும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஒரு பயணத்தின் கணக்கைக் கேட்டவர்களைவிட, ஆயுள் கணக்கைக் கேட்டவர்களில் அதிகம் பேர் ‘இனி பெல்ட் போடுவேன்’ என்றார்கள். ஆபத்து ஒன்றேதான், கணக்கைக் கூட்டிச் சொன்ன விதம்தான் வேறு. நாம் காரில் ஏறும்போது யாரும் ஆயுள் கணக்கைப் போட்டுக்கொண்டு ஏறுவதில்லை, அன்றைய பயணத்தை மட்டுமே எடைபோடுகிறோம்.

‘மெதுவாகத்தான் போகிறேன்’ என்ற வாதத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மோதினாலும் ஸ்டியரிங்கையோ டேஷ்போர்டையோ கையால் பிடித்துத் தாங்கிக்கொள்ளலாம் என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 8.3 மீட்டர். கெட்டியான ஒன்றில் மோதி, காரின் முன்பகுதி 40 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், எல்லாம் முடிய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். இமை கொட்டுவதற்குள் கதை முடிந்துவிடும். அந்த நேரத்தில் 70 கிலோ உடலைக் காரோடு சேர்த்து நிறுத்த, 600 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை வேண்டும். எந்த மனிதக் கைக்கும் அது முடியாது.

50 கிலோமீட்டரில் நிலைமை இன்னும் மோசம். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம்தான், ஆனால் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதும் இதுவும் ஒன்று. பெல்ட் போட்டவர் இருக்கையோடு கட்டுண்டிருப்பதால், கார் நசுங்கி நிற்கும் 60 சென்டிமீட்டர் தூரத்தையும் தன் உடலை நிறுத்தப் பயன்படுத்திக்கொள்கிறார். அவர் மேல் படுவது ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. இடுப்பெலும்பும் மார்புக்கூடும் அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். போடாதவர் அந்த 60 சென்டிமீட்டரை இழந்துவிடுகிறார். கார் நின்றுகொண்டிருக்கும்போது அவர் உடல் இன்னும் 50 கிலோமீட்டரில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. நின்றுவிட்ட ஸ்டியரிங்கில் மோதி ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. அப்போது படுவது 200 மடங்கு. மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தையோ, பெல்ட் போட்டவரின் கையிலேயே 160 கிலோவாகிவிடும். இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்று எந்தத் தாயும் தந்தையும் நம்பக் கூடாது.

பின் இருக்கையில் இருப்பவருக்கும் இதே கணக்குதான். அவர் முன்னால் பறந்து மோதுவது முன் இருக்கையின் முதுகில். அதில் சாய்ந்திருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும் நடுவில் நசுங்குவார். ஜப்பானிய விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதபோது, பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. ‘என் உயிர், என் விருப்பம்’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

மறுப்பவர்கள் சொல்வதெல்லாம் சாக்கு அல்ல. “கழுத்தை அறுக்குது”, “இழுத்தா வர மாட்டேங்குது” என்பவை உண்மையான தொல்லைகள், தீர்க்கவும் கூடியவை.

பெல்ட் சுருண்டிருக்கும் ரீலுக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் எஃகுக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். பலமாகப் பிரேக் பிடித்தால் குண்டு உருண்டு ஒரு நெம்புகோலைத் தூக்கும். அது பல்சக்கரத்தில் மாட்டி ரீலைப் பூட்டும். ரீலிலேயே இன்னொரு உணரியும் உண்டு. பெல்ட்டைச் சடாரென்று இழுத்தால் அது பூட்டும். ஐ.நா.வின் 16-ஆம் எண் வாகன விதி இவற்றுக்கு அளவு வைத்திருக்கிறது. வழக்கமான கார் பெல்ட்டில், வண்டியின் வேகத்தணிவு ஈர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்கை எட்டும்போது ரீல் பூட்டியிருக்க வேண்டும். 12 பாகைச் சாய்வு வரை பூட்டக் கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். சரிவான இடத்தில் நிறுத்திய காரில் பெல்ட் வராமல் அடம்பிடிப்பதும், அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடுவதும் இதனால்தான். பழுது என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். பெல்ட்டோ தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முழுவதும் உள்ளே போகவிட்டு, மெதுவாக, ஒரே சீராக இழுத்தால் வந்துவிடும். சரிவில் அப்படியும் வரவில்லையென்றால் சமதளத்துக்கு நகர்த்திய உடனே வரும். சமதளத்திலும் அடிக்கடி சிக்கினால்தான் ரீலில் அழுக்கோ, பெல்ட்டில் முறுக்கோ, வேறு கோளாறோ இருக்கிறது என்று பொருள்.

கழுத்தை அறுப்பதற்கு உயரம்தான் காரணம். முன்கதவை ஒட்டிய தூணில் பெல்ட் வளைந்து இறங்கும் வளையம் பல கார்களில் மேலும் கீழும் நகரும். பலர் அதைத் தொட்டதே இல்லை. அதை இறக்கியோ, இருக்கையை உயர்த்தியோ, பட்டை தோளின் நடுவிலும் மார்பெலும்பின் மேலும் போகும்படி வைக்க வேண்டும். உறுத்துகிறது என்று அக்குளுக்குக் கீழே நுழைத்துக்கொள்வது மிக மோசமான ‘தீர்வு’. மோதலில் அது கீழ் விலா எலும்புகளை ஒடித்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கல்லீரலையும் மண்ணீரலையும் கிழிக்கும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல், தொடை தொடங்கும் இடத்தை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே இடுப்புப் பட்டை, மார்புகளுக்கு நடுவே தோள் பெல்ட். இருக்கையைப் படுக்கைபோலச் சாய்த்துவிட்டால் தோள் பெல்ட் மார்பை விட்டு விலகி நிற்கும், உடல் இடுப்புப் பட்டைக்கு அடியில் நழுவிவிடும். பெல்ட் போட்டும் வயிற்றில் காயம் படுவது பெரும்பாலும் இப்படித்தான். ‘பெல்ட்டாலதான் அடிபட்டுச்சு’ என்று பரவும் கதைகளில் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. சரியாகப் போட்டாலும் பலமான மோதலில் தோளில் கன்றிப்போகும், முதியவர்களுக்கு விலா எலும்பு முறியவும் கூடும். ஆனால் அந்த விசை பெல்ட் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று கேட்க வேண்டும். தலைக்குத்தான்.

தீப்பிடித்தால், தண்ணீரில் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே என்ற பயம் இன்னொன்று. அத்தகைய விபத்துகள் மொத்தத்தில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அவற்றிலும் தப்பிக்க முதல் தேவை நினைவு தப்பாமல் இருப்பது, அதைக் கொடுப்பது பெல்ட்தான். மோதல் சோதனைக்குப் பிறகும், பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் 60 நியூட்டனுக்குள், அதாவது 6 கிலோ அளவு அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது மேலே சொன்ன அதே விதியில் இருக்கிறது. ‘வெளியே தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தார்’ என்ற கதை எங்கும் உண்டு. பிழைத்தவர்தானே வந்து கதை சொல்ல முடியும்! அமெரிக்காவில் உயிரிழப்பு நேர்ந்த கார் விபத்துகளின் பதிவுகளைப் பார்த்தால், வண்டிக்கு வெளியே முழுதாக வீசப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேல் இறந்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒலியை அடக்க, பக்கிளில் செருகும் உலோக நாக்கு மட்டும் தனியாக விற்கிறது. அதைப் பக்கிளில் செருகிவிட்டு ஏர்பேக்கை நம்பி ஓட்டுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பல கார்களில் ஏர்பேக்குக்கு இரண்டு வரம்புகள் உண்டு. பெல்ட் போடவில்லை என்று காரின் கணினிக்குத் தெரிந்தால், கெட்டியான சுவரில் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்கு இணையான அடியிலேயே ஏர்பேக்கை விரிக்கும். போட்டிருந்தால் சுமார் 26 கிலோமீட்டர் வரை காத்திருக்கும், அதுவரை பெல்ட்டே போதும் என்பதால். பொய் நாக்கைச் செருகியவரைக் கணினி பெல்ட் போட்டவராகவே எண்ணிக்கொள்ளும். 22 கிலோமீட்டரில் மோதினால் அவருக்கு பெல்ட்டும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. விரிந்தாலும் ஆபத்து நீங்காது. மோதலுக்கு முன் பிடித்த பிரேக்கிலேயே முன்னால் சரிந்துவிட்ட முகத்தின் மேல், நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரத்தில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்து விரியும். ஏர்பேக், பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்ட துணைக்கருவி.

உடல் தொல்லையும் பயமும் போக, தன்மானம் ஒன்று இருக்கிறது. பெல்ட் போடப் போனால் ‘என் ஓட்டுதல் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று ஓட்டுநர் முகம் வாடுவார். அதற்காகவே போடாதவர்கள் உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-இல் கேட்டபோது, அமெரிக்க ஓட்டுநர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தங்களைச் சராசரியைவிடத் திறமையானவர்கள் என்றார்கள். எதிரே வருபவரின் தூக்கக் கலக்கத்தை எந்தத் திறமையும் தடுக்காது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

கட்டாயப்படுத்தினால் சிலருக்கு வீம்பு கூடும். 1974 மாடல் கார்களில், பெல்ட் போட்டால்தான் எஞ்சின் கிளம்பும் என்ற பூட்டை அமெரிக்கா கட்டாயமாக்கியது. பக்கத்து இருக்கையில் கனமான பை வைத்தாலே கார் கிளம்ப மறுத்தது. கோபம் அவ்வளவு பெருகி, அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆனால் சட்டமே வேலை செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. உலகில் முதலில் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். பிரிட்டனில் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தும் முன் இருக்கையில் போட்டவர்கள் 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள்; 1983 ஜனவரி 31-இல் சட்டம் வந்ததும் 90-ஐத் தாண்டிவிட்டது. முன்பு போடுபவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு போடாதவர் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்று அமெரிக்காவில் பத்தில் ஒன்பது பேர் போடுகிறார்கள். ஆனால் கார் விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போடாதவர்கள். பெல்ட் இல்லாதது மட்டுமே இதற்குக் காரணமல்ல. குடித்துவிட்டு, இரவில், வேகமாக ஓட்டுபவர்கள் போடாத கூட்டத்தில் அதிகம். ஆபத்து மிகுந்தவர்களிடமே பெல்ட் போய்ச் சேரவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

என்றுமே போடாதவர்களைவிட, சில நேரம் போட்டுச் சில நேரம் விடுபவர்களை மாற்றுவது எளிது. இவர்களுக்குத் தடையாக இருப்பது ஒவ்வொரு தடவையும் ‘இன்று தேவையா?’ என்று தீர்மானிப்பதுதான். சில நொடிகளில் ஓய்ந்துவிடும் எச்சரிக்கை ஒலியைப் பொறுத்துக்கொள்வார்கள். போடும்வரை ஓயாத ஒலிக்கு அடங்கிவிடுவார்கள். கதவைச் சாத்தியதும் பெல்ட், பெல்ட்டுக்குப் பிறகே சாவி என்று வரிசையைக் கட்டிவிட்டால் யோசிக்க இடமே இல்லை. கை தானாகப் போகும். பின்னால் இருப்பவர்களுக்கு ஓட்டுநர் கேட்பதுதான் பெரிய மருந்து. ‘எல்லாரும் போட்டாச்சா?’ என்று கேட்டு, பக்கிள் பூட்டும் சத்தம் கேட்கும்வரை வண்டியை எடுக்காமல் இருந்தால் போதும், யாரும் வாதாடுவதில்லை. அப்படிக் கேட்பதற்கு முன் ஒருமுறை பின் இருக்கையைப் பார்த்துவிடுங்கள். இருக்கை உறை மாட்டும்போது பக்கிள்கள் அடியில் போய்ப் புதைந்துவிடும். தேடி எடுக்க முடியாமல் கைவிடுபவர்கள் ஏராளம். உறையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மூன்று பக்கிளையும் மேலே எடுத்து நிறுத்தி வைக்கலாம்.