மாலையைக் கழற்றியதும் சிகரெட் ஏன் திரும்புகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறேன். விரதம் இருக்கும் 41 நாளும் சிகரெட் பக்கமே போவதில்லை, பெரிதாக ஆசையும் வருவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால், மறுநாளே காட்பாடி ஸ்டேஷன் எதிரில் டீயும் சிகரெட்டுமாக நிற்கிறேன். சாமி 41 நாள்தான் காப்பாற்றுவாரா?"

சாமி விஷயத்தை அவரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் நிக்கோட்டின்மேல் பழிபோட முடியாது. அது கிடைக்காமல் உடம்பு படும் பாடு, அதாவது எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம், முதல் வாரத்தில்தான் உச்சம். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் கழித்து அவர் கையை சிகரெட்டுக்கு நீட்டவைத்தது வேறு ஒன்று.

பள்ளியில் பாவ்லோவின் நாயைப் படித்தவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். ஒரு தூண்டல், அதைத் தொடர்ந்து ஒரு செயல், முடிவில் ஒரு சுகம். இது திரும்பத் திரும்ப நடந்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளும். அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை; தூண்டல் வந்தாலே கை தானாகப் போகும். சரி, கட்டியதை அவிழ்க்க முடியுமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை வருகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் 2012-இல் வெளியிட்டது. ஆங்கில 'T' எழுத்து வடிவத்தில் ஒரு பாதை, அதில் ஓடும் எலி. ஒரு ஒலி கேட்டால் இடதுபக்கம், இன்னொன்று கேட்டால் வலதுபக்கம். ஒரு முனையில் சாக்லேட் பால், மறுமுனையில் சர்க்கரைத் தண்ணீர். நன்றாகப் பழகியபின், ஒரு முனையின் தீனியைக் குடித்தால் குமட்டும்படி செய்தார்கள். எலிக்கு அந்தத் தீனி இப்போது பிடிக்காது. ஆனாலும் ஒலி கேட்டதும் அந்தப் பக்கமே ஓடியது. சுகம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அடுத்து, நெற்றிப்பக்க மூளையில் இன்ஃப்ராலிம்பிக் கார்டெக்ஸ் என்ற சிறு பகுதியின் செல்களை ஒளி பாய்ச்சி அடக்கினார்கள். எலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ததும், அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டது! நாளடைவில், எந்த ஒலி கேட்டாலும் நல்ல தீனி இருக்கும் பக்கமே ஓடும் புதுப் பழக்கம் வந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதே இடத்தில் மறுபடி ஒளி பாய்ச்சினார்கள். புதுப் பழக்கம் அணைந்தது. பழைய பழக்கம் அப்படியே எழுந்து வந்தது. அதாவது அது அழியவே இல்லை. புதியது மேலே உட்கார்ந்து அதை அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நம் பாலாறு மாதிரி. வருஷக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்தது, 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது வழி கேட்கவில்லை.

அந்த எலிகளின் மூளைச் செல்லில் சேர்த்து, ஒளியால் அதை அடக்க உதவிய புரதம் உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தது. 1970-களில் அந்தக் கிருமிகளை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் யாரும் மூளை ஆராய்ச்சிக்காக நோண்டவில்லை. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் தருவேன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது வாசகரிடம் வருவோம். மாலை போட்டவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது பாருங்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். காலில் செருப்பில்லை. கறுப்பு வேட்டி. மனைவி முதல் பஸ் கண்டக்டர் வரை 'சாமி' என்றே கூப்பிடுகிறார்கள். டீக்கடைக்காரர் வழக்கமாகக் கிளாஸோடு சேர்த்து நீட்டும் சிகரெட்டை நீட்டமாட்டார், மறந்து நீட்டினாலும் பக்கத்தில் நிற்பவர், "சாமிக்கு எதுக்குபா?" என்பார். பழைய தூண்டல்களில் பாதி காணாமல் போகின்றன, மீதிக்குக் காவல் போட்டாகிவிட்டது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் திரும்புகின்றன. மனவுறுதி குறைந்துவிட்டது என்று இவர் தன்னையே திட்டிக்கொள்வது வீண்.

விரதத்தை நான் குறைசொல்லமாட்டேன், அது நல்ல ஏற்பாடு. எரிச்சல் வருவது, "குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற மருந்து விளம்பரங்களைப் பார்த்தால்தான். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து சாராயத்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில், சாப்பிடுபவருக்குத் தெரிந்தே தரவேண்டியது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிற ஊர்க்காரர்கள் பாக்கெட்டில் வரும் பொடியை நம்புவது என்ன நியாயம்?

வாசகருக்கு என் யோசனை: மாலையோடு எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். விடியற்காலைக் குளியல் தொடரட்டும். கொஞ்ச காலம் அந்தக் கடை வேண்டாம். டீயை ஸ்டேஷனுக்குள்ளே, ரயில் ஏறுமுன் குடியுங்கள். கை சும்மா இருந்தால் பழையதைத் தேடும், அதனால் டீக்குப் பின் ஒரு கடலை மிட்டாயோ, வீட்டுக்கு ஒரு போனோ. தினமும் அதே நேரத்தில், அதே டீக்குப் பின்னால்.

எத்தனை நாளாகும்? புதுப் பழக்கம் வர 21 நாள் போதும் என்று பலர் சொல்வதற்கு ஆதாரமில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்ததில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால், புகையிலையை நிறுத்த விரும்புபவர்களுக்கான தேசிய இலவச எண் 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். டீக்கடையில் ஒன்று இரண்டாகச் சில்லறையில் வாங்குபவர் கண்ணில்தான் அது படுவதே இல்லை.