வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்யும் பழக்கங்கள்

நோயாளியோடு துணைக்கு வருபவர்களிடம் ஒரு கேள்வியை நான் தவறாமல் கேட்பேன்: "வீட்டில் இவரை எதற்காகக் கிண்டல் செய்வீர்கள்?" முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், செய்தித்தாளை வேறு யாராவது முதலில் பிரித்துவிட்டால் முகம் வாடிவிடும், வெயிலுக்கு வந்ததும் தும்முவார். இவற்றில் பெரும்பாலானவை நோயே இல்லை. வெயில் தும்மல்கூடப் பல குடும்பங்களில் பரம்பரையாக வருகிற அனிச்சைச் செயல்தான். சிறுவயது முதல் அப்படியே இருப்பவரை அவர் போக்கில் விட்டுவிடலாம்.

அதனால் அடுத்து நான் கேட்பது, "எப்போதிலிருந்து?"

அறுபதைத் தாண்டிய ஒருவர் முழங்கை வலி என்று வந்தார். தோல் கன்றி நீலம் பாரித்திருந்தது. மனைவி சிரித்துக்கொண்டே, "தூக்கத்தில் யாரோடோ சண்டை போடுவார் டாக்டர். போன வாரம் சுவரைக் குத்திவிட்டார். பேரன் அதை அப்படியே நடித்துக் காட்டுவான்" என்றார். மூன்று நான்கு வருஷமாக இப்படி. அதற்கு முன்பு அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாராம்.

கனவு காணும் நேரத்தில் மூளை நம் கை கால் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடும். அந்தக் கட்டு தளர்ந்தால், கனவில் உதைப்பவர் நிஜமாகவே உதைப்பார். 1986-இல்தான் இதைத் தனி நோயாக மருத்துவ உலகம் விவரித்தது. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இது வரலாம். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அசைவுகளை மெதுவாக்கும் அந்த மூளை நரம்பு நோயில் கையெழுத்தும் சிறுத்துப்போவதுண்டு. அதனால் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு வரி எழுதச் சொன்னேன். வரியின் முடிவுக்கு வருவதற்குள் எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டன. கையெழுத்து சரியில்லை என்று வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்களே என்று மனைவிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பொருள், கூர்முனை எதுவும் வேண்டாம் என்று அன்றே சொல்லி அனுப்பினேன்.

எல்லாமே இவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது. ஐஸ் கட்டியைத் தேடித் தேடிக் கடிக்கும் பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறைவு இருந்து அதைச் சரிசெய்தால் அந்த ஆசையும் பெரும்பாலும் போய்விடும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் தாத்தாவுக்குக் காது பரிசோதனை. பூட்டை இழுத்துப் பார்ப்பது, கை கழுவுவது போன்றவை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால், அல்லது அவற்றைச் செய்யாமல் இருப்பதே தவிப்பாக இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அடிக்கடி கண் சிமிட்டும், தோளைக் குலுக்கும், தொண்டையைச் செருமும் பிள்ளைக்கு உடனே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுகிறோம். கண்ணிலோ தொண்டையிலோ கோளாறு இல்லையென்றால், அது பெரும்பாலும் 'டிக்' எனப்படும் அசைவு. வேண்டுமென்றே செய்வதில்லை. தும்மலை அடக்குவது போலக் கொஞ்ச நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். பள்ளியில் நாள் முழுக்க அடக்கி வைத்த பிள்ளை, வீட்டு வாசலை மிதித்ததும் விட்டுவிடும். "வீட்டில்தான் வேணும்னே பண்றான் டாக்டர்" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. திட்டினால், உற்றுப் பார்த்தால் கூடும். கண்டுகொள்ளாமல் விட்டால் பல பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். குறையாவிட்டால், வலியோ வருத்தமோ தந்தால், அழைத்து வாருங்கள்.

வரும்போது ஒன்று செய்யுங்கள். அந்தப் பழக்கத்தை இரண்டு நிமிடம் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். என் அறைக்குள் வந்ததும் பாதிப் பேருக்கு அது நின்றுவிடும். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ எனக்கு நிறையச் சொல்லும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.