தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள்

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை விடிவதற்கு முன்பே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டொலிடோ நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 4 லட்சம் பேருக்கு அதுதான் குடிநீர்.

தண்ணீரில் சந்தேகம் வந்தால் கொதிக்க வைப்பது எல்லோருக்கும் பழகிய வழி. கிருமி என்றால் சரி, சூட்டில் செத்துவிடும். டொலிடோ தண்ணீரில் இருந்தது மைக்ரோசிஸ்டின். நகருக்குக் குடிநீர் தரும் ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும், கல்லீரலைத் தாக்கும் நச்சு. அடுப்புச் சூட்டில் அது சிதையாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, மிச்சத்தில் நச்சின் அடர்த்தி கூடும். பழக்கத்தில் ஒரு குடும்பம் பானையை அடுப்பில் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை அமெரிக்காவில் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கொதிக்க வைத்துக் குடியுங்கள், குடிக்காதீர்கள், எதற்குமே பயன்படுத்தாதீர்கள். அதே ஆண்டு ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் எல்க் ஆற்றில் ரசாயனம் கசிந்தபோது, சுமார் 3 லட்சம் பேருக்குப் போனது மூன்றாவது வகை.

எந்த வகை என்று முடிவு செய்ய ஆய்வக எண் வேண்டும். டொலிடோவில் சிக்கல் தொடங்கியதே அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதைத் தாண்டியதாகச் சொன்னது நகரின் சுத்திகரிப்பு நிலையம். உடனே மாதிரிகள் மாநிலச் சுற்றுச்சூழல் முகமைக்கும், சின்சினாட்டியிலுள்ள மத்திய அரசு ஆய்வகத்துக்கும் போயின. வந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இது யாருடைய அலட்சியமும் இல்லை. நச்சில் ஒரு பகுதி பாசியின் செல்லுக்குள்ளேயே இருக்கும். மாதிரியை உறையவைத்து உருக்கி செல்லை உடைத்தால்தான் முழு அளவு தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால், பாட்டில் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே அது நச்சைச் சிதைத்துக்கொண்டிருக்கும். மாதிரி எடுக்கும்போதே அந்தக் குளோரினை முறித்துவிட வேண்டும். இந்தச் சின்னச் சின்ன படிகளில் ஆய்வகங்கள் வேறுபட்டால் எண்களும் வேறுபடும். அந்த நச்சுக்கு அப்போது மத்திய அரசின் வரம்பு கிடையாது, எல்லோரும் பின்பற்றும் ஒரே சோதனை முறையும் கிடையாது. நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மற்ற வேலைகள் வேகமாக நடந்தன. மாநில ஆளுநர் (அங்கே அவர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர்) ஜான் கேசிக் அவசர நிலை அறிவித்தார். தேசியக் காவல் படை தண்ணீர் கொண்டுவந்தது. சுத்திகரிப்பு நிலையம் நச்சை உறிஞ்சும் கரித்தூளை அதிகமாகக் கலந்தது. திங்கள் காலை தடையை நீக்கிய மேயர் மைக்கேல் காலின்ஸ், கேமராக்கள் முன் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

2015இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை இரண்டு அளவுகளை அறிவுறுத்தியது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 0.3 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 1.6. அறிவியல்படி இது நியாயமானது. ஆனால் இப்போது ஒரே தண்ணீர் அப்பாவுக்கு நல்லது, கைக்குழந்தைக்கு ஆகாது என்று சொல்ல வேண்டிய நிலை வரும். 2018 மே மாதக் கடைசியில் ஒரேகான் மாநிலத்தின் சேலம் நகரில் அதுதான் வந்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்றவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை. அப்புறம் மாநில அவசரநிலை அலுவலகம் கைபேசிகளுக்கு அனுப்பிய செய்தியில், எழுதிய விவரம் விடுபட்டு, "இப்பகுதியில் அவசர நிலை, தயாராக இருங்கள்" என்ற பொதுவான வரிதான் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. எதற்குத் தயாராவது என்று தெரியாமல் மக்கள் பதறினார்கள். என் பார்வையில் டொலிடோவின் ஆய்வகக் குழப்பத்துக்குச் சமமான கோளாறு இது. அளந்து முடித்த எண் மக்களிடம் போய்ச் சேரும் கடைசி அடியில் தொலைந்துவிட்டது. விளக்கமான செய்தி பிறகுதான் வந்தது.

அந்த ஜூலையிலேயே, பாசி பெருக வாய்ப்புள்ள நீர்நிலைகளை நம்பியிருக்கும் குடிநீர் நிலையங்கள் இந்த நச்சுகளுக்குத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று ஒரேகான் விதி கொண்டுவந்தது.