நியூசிலாந்து தெற்குத் தீவுல ஒயின் எப்படி விளையுது? எல்லாம் ஒரே மலைத்தொடர் பண்ற வேலை

நியூசிலாந்தோட தெற்குத் தீவுக்கு டூர் போறவங்க பிளான் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், கிறைஸ்ட்சர்ச்ல இறங்குறது, குயின்ஸ்டவுன் போறது, மில்ஃபோர்ட் சவுண்ட்ல போட் ஏறுறது, நடுவுல ரெண்டு மூணு திராட்சைத் தோட்டத்துல ஒயின் ருசி பாக்குறது. இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. மில்ஃபோர்ட் சவுண்ட்ல வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல மழை கொட்டுது. அங்கிருந்து நேர்கோட்டுல பாத்தா 150 கிலோமீட்டர்கூட இல்ல, அலெக்ஸாண்ட்ரான்னு ஒரு ஊரு, திராட்சை விளையுற ஊரு, அங்க வருஷம் பூரா பெய்யுறதே சுமாரா 350 மில்லிமீட்டர்தான். ஒரே தீவு, ஒரே கடல் காத்து, எப்படி இவ்ளோ வித்தியாசம்?

பதில் நடுவுல நிக்குற சதர்ன் ஆல்ப்ஸ் மலை. சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு தீவோட முதுகெலும்பாட்டம் ஓடுது, உச்சி ஆவோராக்கி, அதாவது மவுண்ட் குக், 3,724 மீட்டர். இந்த அட்சரேகையில வருஷம் பூரா பெரும்பாலும் மேற்கேருந்துதான் காத்து அடிக்கும், டாஸ்மன் கடல் மேல வர்றதால நல்லா ஈரத்தோட வரும். மலை குறுக்க நிக்குது, வேற வழியில்லாம காத்து மேல ஏறுது, ஏற ஏற அழுத்தம் குறைஞ்சு விரிவடையுது, விரியும்போது குளிருது, ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா 10 டிகிரி. ஒரு கட்டத்துல ஈரம் மேகமா மாற ஆரம்பிக்கும், நீராவி தண்ணியா மாறும்போது உள்ள இருந்த வெப்பத்த வெளிய விடும், அதனால அதுக்கப்புறம் குளிர்ற வேகம் கிலோமீட்டருக்கு 6 டிகிரி பக்கம் குறைஞ்சிடும். தண்ணி எல்லாம் மேற்குச் சரிவுலயே கொட்டிடும்.

அந்தப் பக்கம் இறங்குறது காய்ஞ்ச காத்து. இறங்கும்போது அழுத்தம் கூடி சூடாகும், ஆனா இப்போ மேகம் இல்லையே, அதனால முழுசா கிலோமீட்டருக்கு 10 டிகிரி கணக்குல சூடாகும். ஏறும்போது 6, இறங்கும்போது 10, அந்த வித்தியாசம் அப்படியே லாபமா கிழக்குப் பக்கம் வந்து சேருது. கிறைஸ்ட்சர்ச்காரங்க நார்வெஸ்டர்னு சொல்லி திட்டுற காத்து இதுதான். அது அடிக்கிற அன்னிக்கு கோடையில வெயில் 30 டிகிரிய சாதாரணமா தாண்டும், மேற்கு வானத்துல மலைக்கு மேல வில்லு மாதிரி ஒரு மேகம் நிக்கும், அதுக்குக் கீழ ஒரு துண்டு நீல வானம் தெரியும். போட்டோ எடுக்க செம்மையா இருக்கும், ஆனா தோட்டக்காரங்களுக்கு தலைவலி, மண்ணுல இருக்குற ஈரத்த எல்லாம் அந்தக் காத்து உறிஞ்சிட்டுப் போயிடும்.

இத பாடப்புத்தகத்துல மழை மறைவுப் பகுதின்னு படிச்சிருப்போம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை விளையுறதும் அந்த மலையோட மறைவுலதான். ஆனா ஒரு பெரிய வித்தியாசம், கம்பத்துல கொடி தூங்குறதே இல்ல, கவாத்து பண்ணிப் பண்ணி வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல அறுவடை எடுப்பாங்க. தெற்குத் தீவுல குளிர்காலத்துல இலைய எல்லாம் உதிர்த்துட்டு கொடி தூங்கிடும், செப்டம்பர் அக்டோபர் வாக்குல துளிர் விட்டு, மார்ச் ஏப்ரல்ல ஒரே ஒரு அறுவடை, அவ்ளோதான்.

இத எல்லாம் கண்ணால பாக்கணும்னா என் ஓட்டு ட்ரான்ஸ்ஆல்பைன் ரயிலுக்குத்தான், பஞ்சி ஜம்ப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கிறைஸ்ட்சர்ச்ல ஏறினா கிரேமவுத் வரைக்கும் 223 கிலோமீட்டர், சுமாரா 5 மணி நேரம். முதல்ல காய்ஞ்ச கேன்டர்பரி சமவெளி, அப்புறம் வைமாகரிரி ஆத்தோட பள்ளத்தாக்கு, ஆர்தர்ஸ் பாஸ்ங்குற கணவாய் பக்கத்துல பீச் (beech) மரக்காடு, அடுத்தது எட்டரை கிலோமீட்டர் நீள ஓட்டிரா சுரங்கம், அதுக்குள்ள போயி வெளிய வந்தா பச்சைப் பசேல்னு மழைக்காடு, பாதி நாள் மழையும் கூடவே வரும். ஒரு மலையோட ரெண்டு முகத்தையும் ஒரே டிக்கெட்ல பாத்துடலாம்.

சரி, காய்ஞ்ச இடமா இருந்தா போதுமா, ஒயினுக்கு இன்னொன்னும் வேணும், அது ராத்திரி குளிர். பகல்ல இலை வெயில்ல சர்க்கரை தயாரிக்குது, அது பழத்துல சேருது. அதே பழத்துல மாலிக் அமிலம்னு ஒரு புளிப்பு இருக்கு, பழம் சுவாசிக்கும்போது இத எரிச்சு செலவு பண்ணும், சூடு கூடக் கூட வேகமா செலவாகும். ராத்திரியும் புழுக்கமா இருக்குற ஊர்ல சர்க்கரை ஏறுறதுக்குள்ள புளிப்பு காலியாகிடும், குடிச்சா சப்புனு இருக்கும். அலெக்ஸாண்ட்ரா இருக்குற சென்ட்ரல் ஓட்டாகோ பகுதியில கோடையில பகல் 25, 30 டிகிரின்னு இருந்துட்டு ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போறது சகஜம், மேகம் இல்லாததால தரையோட சூடு நேரா வானத்துக்குப் போயிடுது. அதனால இனிப்பும் ஏறும், புளிப்பும் தங்கும்.

வடக்கு முனையில மார்ல்பரோ. நியூசிலாந்து ஒயின்ல நாலுல மூணு பங்குக்கு மேல இங்கதான் உருவாகுது, ஆனா 1973 வரைக்கும் இது பெரும்பாலும் ஆடு மேய்ச்ச பூமி, அந்த வருஷம்தான் மொன்டானாங்குற கம்பெனி பெரிய அளவுல கொடி நட ஆரம்பிச்சது. இப்போ உலகம் பூரா தெரிஞ்ச சோவினியான் பிளாங்க்ங்குற வெள்ளை ஒயின் இங்கேருந்துதான் போகுது, ஒரு கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போனா குடைமிளகாய் வாசமும் பேஷன் ஃப்ரூட் வாசமும் சேர்ந்து வரும். எந்தப் பழத்தையும் எசன்ஸையும் யாரும் கலக்கல, ரெண்டுமே திராட்சை வழியாத்தான் வருது, ஆனா வர்ற ரூட் வேற வேற.

குடைமிளகாய் வாசத்துக்கு காரணம் மெத்தாக்ஸிபைரஸின்ங்குற குடும்பத்துப் பொருள், நிஜ குடைமிளகாய்லயும் அதேதான் இருக்கு. மனுஷ மூக்கு இதுகிட்ட ரொம்ப உஷார், ஒரு கிராமை நூறு கோடி பங்கா பிரிச்சு அதுல ரெண்டே பங்க ஒரு லிட்டர் தண்ணியில போட்டாக்கூட கண்டுபிடிச்சிடும். பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட இது குறையும், குளிர்ந்த இடமா இருந்தா மிச்சம் இருக்கும். அதனாலதான் மார்ல்பரோவுலயே வைராவ் பள்ளத்தாக்க விட குளிரும் காத்தும் ஜாஸ்தியா இருக்குற அவாட்டெரே பள்ளத்தாக்கு ஒயின்ல பச்சை வாசம் தூக்கலா இருக்கும். ருசி பாக்கப் போனா ரெண்டு பள்ளத்தாக்கு ஒயினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கேளுங்க, வித்தியாசம் தெரிஞ்சுக்க நிபுணரா இருக்கவே வேண்டாம்.

பேஷன் ஃப்ரூட் கதை இன்னும் சுவாரசியம். அந்த வாசம் தையால்னு சொல்ற கந்தகச் சேர்மங்களால வருது, கந்தகம்னதும் முகத்த சுளிக்காதீங்க, துளியூண்டு அளவுல அது பழ வாசம்தான். பழுத்த திராட்சைய தோட்டத்துல பிச்சு வாயில போட்டா இந்த வாசம் கிட்டத்தட்ட வராது, ஏன்னா அது வேற மூலக்கூறோட ஒட்டிக்கிட்டு வாசமே இல்லாம கிடக்குது. நொதிக்கும்போது ஈஸ்ட் வந்து அந்த முடிச்ச அவிழ்த்து விடுது. இதுல ஒரு வேடிக்கை, கையால அலுங்காம பறிச்ச பழத்த விட மெஷின் உலுக்கிப் பறிச்ச பழத்துல இருந்து வர்ற ஒயின்ல இந்த வாசம் அதிகம்னு ஆக்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியில தெரிஞ்சது, பழம் அடிபட்டு தோலும் சாறும் கலக்கும்போதுதான் அந்த மூலப்பொருள் கூடுதலா உருவாகுதாம். கையால பறிச்சதுன்னு லேபிள்ல பெருமையா போட்டா அது எல்லா ஒயினுக்கும் பெருமை இல்லேன்னு இனிமே தைரியமா சொல்லலாம்.

தையாலுக்கு எதிரி ஆக்ஸிஜன். பாட்டிலுக்குள்ள காத்து புகுந்தா வாசம் செத்துடும். 2001-ல நியூசிலாந்து ஒயின்காரங்க கூட்டா சேர்ந்து கார்க்க விட்டுட்டு திருகு மூடிக்கு மாற ஆரம்பிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம், இன்னொன்னு கெட்ட கார்க்குல இருந்து வர்ற ஈர அட்டைப்பெட்டி நாத்தம். மலிவு சரக்குக்குத்தான் திருகு மூடின்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, பாவம்.

தெற்க சென்ட்ரல் ஓட்டாகோ, 45 டிகிரி தெற்கு, பூமத்திய ரேகைக்கும் தென் துருவத்துக்கும் சரிபாதி. தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்துல ஃபெரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1864-லயே கிளைடுங்குற ஊர்ல கொடி நட்டாரு, அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல யாரும் சீரியஸா எடுத்துக்கல. இப்போ பினோ நுவார்ங்குற சிவப்பு ஒயின்னா இந்த ஊருதான். மத்தியான சூரியன் இங்க வடக்குப் பக்கம் நிக்கும், அதனால பேனக்பர்ன் மாதிரி இடத்துல வடக்கு பாத்த சரிவுக்குத்தான் மவுசு. வெயில்ல புற ஊதாக் கதிரும் ஜாஸ்தி, அதே அட்சரேகையில இருக்குற வட பாதி ஊர்கள விட 40 சதவீதம் வரைக்கும் கூட, ஓசோன் கம்மி, காத்துல தூசி கம்மி, அது போக ஜனவரியிலதான் பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வருது. தன்னைக் காப்பாத்திக்க பழத்தோல் நிறமிய நிறைய சேத்து வெக்கும், ஒயினுக்கு நல்ல நிறம் கிடைக்கும். நீங்க சன்ஸ்கிரீன் போட்டுக்கோங்க, உங்க தோலுக்கு அந்த வித்தை தெரியாது.

அந்தத் தெளிவான வானத்துக்கு ஒரு விலை இருக்கு, வசந்த காலத்து உறைபனி. ஒரே ராத்திரியில இளந்துளிர் எல்லாம் கருகிடும். தரையோட ஒட்டின காத்துதான் அதிகமா குளிருது, பத்து பதினஞ்சு மீட்டர் மேல கொஞ்சம் சூடான காத்து மிதந்துக்கிட்டு இருக்கும், அத கீழ இழுக்கத்தான் தோட்டத்துக்கு நடுவுல அந்த ராட்சச ஃபேன் எல்லாம் நிக்குது, மின்சாரம் எடுக்குற காத்தாலைன்னு நினைச்சுடாதீங்க. சில சமயம் விடியற்காலையில ஹெலிகாப்டரே வந்து தோட்டத்து மேல தாழப் பறக்கும், அதுவும் இந்த வேலைக்குத்தான். இன்னொரு வழி தண்ணி தெளிக்குறது, தண்ணி உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வெளிய வரும், அந்தச் சூட்டுல துளிர் சுழியத்துக்கு பக்கத்துலயே நின்னு பொழைச்சுக்கும், ஆனா ஐஸ் உருக ஆரம்பிக்குற வரைக்கும் தண்ணிய நிறுத்தக் கூடாது, பாதியில நிறுத்தினா தெளிக்காம விட்டதை விட மோசம்.

மலையே எதனால நிக்குதுன்னா, பசிபிக் நிலத்தட்டும் ஆஸ்திரேலிய நிலத்தட்டும் மோதுறதால. அதே மோதலோட கிளை பிளவு ஒண்ணுதான் வைராவ் பள்ளத்தாக்கு வழியா ஓடுது. 2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டி கைக்கோராவுல 7.8 அளவுல நிலநடுக்கம் வந்தப்ப மார்ல்பரோவுல நிறைய ஸ்டீல் டேங்க் அடிப்பக்கம் பிதுங்கிப் போச்சு, உள்ள அந்த வருஷத்து ஒயின் இருந்த டேங்க்குங்கதான் அதிகம் அடி வாங்குச்சு, திரவம் அலை மாதிரி மோதி சுவர நசுக்கிடுது, காலி டேங்க்குக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

போறவங்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். அங்கயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும், ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை, நாலு தோட்டத்துல ருசி பாத்து எல்லாத்தையும் முழுங்கினா அந்தக் கோட்ட ஈஸியா தாண்டிடுவீங்க. மார்ல்பரோவுல ரென்விக் ஊர்ல சைக்கிள் வாடகைக்கு கிடைக்கும், மலையிலேருந்து ஆறு உருட்டிட்டு வந்த சரளையெல்லாம் பரவி உண்டான சமவெளிங்குறதால ஏத்தம் இறக்கமே இல்ல, முழங்கால் வலி இருக்குறவங்களும் தாராளமா மிதிக்கலாம்.