ஹோர்ட்: கும்பலா, கட்டூரா?

மிகுபுனைவுக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் புல்வெளி நாடோடிகளின் நாடு ஒன்று தவறாமல் வந்துவிடும். குதிரை முதுகிலேயே வளர்ந்தவர்கள், கோட்டை கொத்தளம் இல்லாதவர்கள், அறுவடை முடிந்த கையோடு எல்லையோர ஊர்களில் இறங்கிச் சூறையாடிவிட்டு மறைபவர்கள். இத்தகைய நாட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஹோர்ட்’. கோலாலம்பூரில் தமிழில் மிகுபுனைவு எழுத முற்படும் இளையர்கள் இதைப் பெரும்பாலும் ‘கும்பல்’ என்றே எழுதுகிறார்கள். மலேசியத் தமிழ் நாளிதழ் படிப்பவருக்கோ அச்சொல்லைக் கண்டதுமே அதற்கு முன்னால் ‘குண்டர்’ என்பதும் சேர்ந்து ஒலிக்கும். பாராங் கத்தியோடு பிடிபட்ட நான்கு பேரும் கும்பல், ஆயிரமாயிரம் குதிரைகளோடு ஆற்றைக் கடக்கும் ஒரு மக்களினமும் கும்பல் என்றால், கதையில் அந்த நாடு எழுந்து நிற்பதற்குள் சொல்லே அதைச் சாய்த்துவிடுகிறது. மலாயின் ‘கெரொம்போலான்’ என்பதிலும் ஏறத்தாழ இதே வாடைதான்.

ஹோர்ட் என்பதன் வேர் துருக்கிய மொழிகளிலும் மங்கோலியத்திலும் வழங்கும் ‘ஓர்து’, ‘ஓர்தா’ என்னும் சொல். ஆள்பவர் தங்கும் பாளையம், அவருடைய கூடாரம், பின்னாளில் அரண்மனை என்பன அதன் பொருள்கள். அது கிழக்கு ஐரோப்பிய மொழிகளின் வழியாக மேற்கே சென்றபோது, போலிஷ் மொழியில் முன்னால் ஒரு ‘ஹ’ ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. தாக்கப்பட்டவர்களின் வாயில் புழங்கியதால், அரசனின் இருப்பிடத்தைக் குறித்த சொல் ஒழுங்கற்ற பெருந்திரளைக் குறிக்கும் சொல்லாகக் கீழிறங்கியது.

தாக்கியவர்கள் தரப்பிலிருந்து அச்சொல்லைக் கேட்க வேண்டுமானால், மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நிறுவப்பட்ட, கூல் தெகின் என்னும் துருக்கிய இளவரசனின் நினைவுக் கல்வெட்டைப் படிக்க வேண்டும். தம்பியின் வீரத்தை அவனுடைய அண்ணனும் பேரரசனுமான பில்கே ககான் சொல்வதாக அமைந்தது அது. ஓகுஸ் பகைவர் ஓர்துவைத் தாக்கினர், கூல் தெகின் வெள்ளைக் குதிரை ஏறி ஒன்பது பேரைக் குத்தி வீழ்த்தினான், ஓர்துவை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் இல்லாதிருந்தால், தாயான அரசியும் மற்றத் தாய்மாரும் அக்காமாரும் மருமக்களும், உயிர் பிழைத்தவர்கள் அடிமைகளாகியிருப்பார்கள், இறந்தவர்கள் பாளையத்திலும் வழியிலும் கிடந்திருப்பார்கள் என்று கல்வெட்டு தொடர்கிறது. ஆக, கொள்ளையடிக்கப் புறப்படும் படையன்று ஓர்து. அப்படை திரும்பி வரும் இடம், காக்க வேண்டிய வீடு.

அந்த வீடு எத்தகையது என்பதை நேரில் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1253இல் செங்கிஸ் கானின் பேரன் பாதுவின் ஓர்துவுக்குச் சென்ற துறவி ரூப்ரக்கின் வில்லியம், ஒரு வண்டியின் சக்கரத் தடங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்து இருபது அடி என்கிறார். அதன்மேல் பிரிக்காமலே ஏற்றிய கூடார வீட்டை, வரிசைக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு எருதுகள் இழுத்தன. ஓர்து என்றால் ‘நடு’ என்று பொருள், மக்கள் சூழத் தலைவன் நடுவில் இருப்பதால் அப்பெயர் என்றும் அவர் எழுதுகிறார். சொற்பிறப்பியலாகக் கொள்ளத்தக்கதன்று, ஆனால் பாளையத்தின் அமைப்பை அது சரியாகவே காட்டுகிறது. பின்னாளில் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்துசென்ற இப்னு பதூதா, 1330களில், பாதுவின் வழிவந்த அரசர் உஸ்பெக் கானின் ஓர்து வந்து இறங்குவதைப் பார்த்தார். மக்களோடு நகரும் ஒரு பெருநகரம், அதற்குள் பள்ளிவாசல்களும் கடைத்தெருக்களும், போகும் வழியிலேயே சமைப்பதால் வானில் எழும் அடுக்களைப் புகை என்று அவர் வருணிக்கிறார். புனைவு நாடோடிகள் பலருக்கு அடுப்பே இருப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இதே சொல்தான் இன்றைய துருக்கியில் ‘படை’ என்னும் பொருளில் வழங்குகிறது. முகலாயரின் தில்லியில் ‘மேன்மைமிகு ஓர்துவின் மொழி’ என்று பாரசீகத் தொடரால் சுட்டப்பட்டது சுருங்கி உருது ஆயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். ‘முகாம்’ அரபியிலிருந்து வந்தது. அதனால் குற்றமில்லை, ஆனால் இந்நாட்டில் அது தன்முனைப்பு முகாமுக்கு முழுமையாகப் பட்டா போடப்பட்டுவிட்டது. ‘பாசறை’ கம்பீரமான சொல். இருப்பினும் முல்லைப்பாட்டில் விளக்கேற்றும் மங்கையர் பாசறையில் இருந்தாலும், அரசி மட்டும் அரண்மனையில் தனித்திருந்து வருந்துகிறாள். அந்தப் பிரிவில்தான் பாட்டே நிற்கிறது. அரசியும் உடன் வாழும் ஓர்துவுக்கு அது பொருந்தி வராது. அதே பாட்டு பாளையத்தைப் ‘படுநீர்ப் புணரியின் பரந்த பாடி’ என்று கடலாக விரிக்கிறது. ‘பாடி’ பொருளால் மிக நெருங்கியது. ஆனால் காருக்குப் பாடி கட்டும் பட்டறைகள் உள்ள ஊரில் அதைத் தனியே எழுதிப் படிப்பவரின் முகத்தைக் கவனிக்க எனக்குத் துணிவில்லை.

எனவே என் தேர்வு ‘கட்டூர்’. ‘கடல்கிளர்ந் தன்ன கட்டூர் நாப்பண்’ என்று தொடங்குகிறது புறநானூற்றின் 295ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. பொங்கி எழுந்த கடலைப் போன்ற கட்டூரின் நடுவே என்பது பொருள். போரில் சிதைந்த மகனின் மாண்பைக் கண்ட தாய்க்கு வற்றிய முலை ஊறிச் சுரந்ததாக அப்பாட்டு முடிகிறது. சங்க வழக்கில் கட்டூரும் படை தங்கும் இடம்தான், அதை ஒரு நாட்டுக்கே பெயராக விரிப்பது என் பரிந்துரை. அதற்கு இடந்தருவது சொல்லுக்குள் இருக்கும் ‘ஊர்’: கட்டிய ஊர், வேண்டும்போது பிரித்து வேறிடத்தில் கட்டக்கூடிய ஊர். வரலாற்று நூல்களில் ‘தங்க நாடோடிக் கூட்டம்’ என்று எழுதப்படும் வோல்கா ஆற்றங்கரைப் பேரரசையும் பொற்கட்டூர் எனலாம். தட்டச்சில் அது ‘காட்டூர்’ ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சூறையாடும் தொழிலுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பகைப்புலத்து ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கொள்ளையாகக் கொண்ட பொருள் கொண்டி. பெரும்பாணாற்றுப்படை தன் தலைவனைக் ‘கொண்டி உண்டித் தொண்டையோர் மருக’ என்று அழைக்கிறது. பகைவரிடம் கொண்டதை உண்டு வாழ்வோரின் வழித்தோன்றலே என்பது அங்கே வசையன்று, புகழ்ச்சி. நாடோடிப் பாத்திரம் தன் இனத்தைப் பற்றிப் பேசும்போது ‘கொள்ளைக்காரர்’ என்று சொல்லாமல் ‘கொண்டி உண்போர்’ என்று சொல்லலாம். ‘கொள்ளைக்காரர்’ எல்லைக்கு அப்பால் உள்ள உழவனின் வாயில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் ஹோர்ட் என்று வரும் இடங்களிலெல்லாம் கட்டூரைப் போட்டுவிடவும் கூடாது. எழுந்து நடக்கும் பிணங்களுக்கும் பூதங்களுக்கும் அதே ஆங்கிலச் சொல் வழங்கினாலும், அவை கூடாரம் அடிப்பதில்லை, சமைப்பதுமில்லை. அங்கே ‘திரள்’ போதும். குதிரைவீரர்கள் மட்டும் பிரிந்து தாக்கப் போகும் இடத்தில் ‘படை’ என்றோ ‘தண்டு’ என்றோ எழுதுவதே சரி. பெண்களும் பிள்ளைகளும் மந்தையும் வண்டியும் சேர்ந்து நகரும்போதுதான் அது கட்டூர்.