குன்னூரில் ஏன் எஞ்சின் மாற்றுகிறார்கள்?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்களே, நீராவி எஞ்சினால் ஊட்டி வரை ஏற முடியாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், முன்பு போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை குன்னூரோடு முடிந்துவிடுகிறது.

1899-இல் பாதை திறந்தபோது குன்னூர்தான் கடைசி நிலையம். ஊட்டிக்கு ரயில் போனது 1908-இல். இன்றும் ஊட்டி வண்டி குன்னூரிலிருந்து கொஞ்ச தூரம் பின்னோக்கிப் போய்த்தான் மேல் பாதையைப் பிடிக்கிறது.

மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் சுமார் 12 அடிக்கு ஓர் அடி. இரும்புமேல் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் குன்னூர் வரை மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்கள், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி பதித்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் யோசனை இது.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த எஞ்சினில் நீராவி இரண்டு முறை உழைக்கிறது. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் கீழ் சிலிண்டர்களில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்தில் அப்படியே புகைபோக்கி வழியாகப் போய்விடும். மலையில் அதை வீணாக்காமல் மேல் சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அது பல்சக்கரத்தைச் சுழற்றும்.

இப்போது ஈரத்தில் சக்கரம் வழுக்குகிறது என்று வையுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும். கீழ் சிலிண்டர்கள் அதிக நீராவியை வெளியே தள்ளும். வண்டி வேகத்திலேயே ஓடும் பல்சக்கரத்தின் சிலிண்டர்களால் அவ்வளவையும் உடனே வாங்க முடியாது. இடையில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கீழ் பிஸ்டனை எதிர்த்து வழுக்கலை அடக்கும். அதே அழுத்தம் பல்சக்கரத்துக்குக் கூடுதல் பலமும் தரும். ஓட்டுநர் எதையும் தொடவே வேண்டாம். மின்னணு எதுவும் இல்லாத காலத்தில் வெறும் குழாயும் பிஸ்டனும் வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள்!

திருச்சி பொன்மலைப் பணிமனை இதே வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்திருக்கிறது. அதற்கு ஆகும் செலவை நான் அறிவியல் கல்விக்கான செலவாகத்தான் பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை இந்த மலை ரயிலுக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும். அப்போது எஞ்சினின் பக்கவாட்டைப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். மேலே இருப்பதுதான் பல்சக்கரத்துக்கு.